கணினிக்குள் எல்லைக்கல்

மடிக்கணினி மக்கர் செய்தால் விருதுநகர் மாவட்டத்தின் வ. புதுப்பட்டிக்காரர்கள் பலரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ எடுத்துப் போகிறார்கள். கடையில் கேட்கும் கேள்வி தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டுடலாமாண்ணே? சி டிரைவ்ல இருக்கிறது மட்டும்தான் போகும். டி டிரைவ்ல கை வைக்க மாட்டேன்.” சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து திறந்தால், டெஸ்க்டாப்பில் வைத்திருந்த சான்றிதழ் நகல்கள் இல்லை. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கல்லூரி புராஜெக்டும் இல்லை. அவை இரண்டும் சி டிரைவுக்குள் இருப்பவை என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பறிகொடுத்தவரும் அசட்டையாக இருக்கவில்லை. இயங்குதளத்தின் கோப்புகள், செயலிகளின் கோப்புகள், மனிதருடைய கோப்புகள் ஆகிய மூன்றும் வட்டின் ஒரே பார்ட்டிஷனில் கிடந்தன. ஒன்றை அழிக்கப்போய் மூன்றும் அழிந்தன. இந்த மூன்றையும் எங்கெங்கே வைப்பது, அவற்றுக்கு நடுவே கோட்டை எங்கே கிழிப்பது என்பது கணினி உலகில் ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் வாதம். பொறியாளர்களின் உள்வீட்டு விவகாரம்போலத் தெரிந்தாலும், அதன் முடிவுகள் நம் மேசைக்கும் சட்டைப்பைக்கும் வந்து சேர்கின்றன.

ஒரே கணினி, இரண்டு வரைபடங்கள்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களின் பல வீடுகளில் முதல் கணினியாக நுழைந்தது அதுதான். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் மேல் கட்டப்பட்டது.

ஆக, அந்த ஒரு வட்டிலேயே கோப்புகளை அடுக்கும் இரண்டு வேறுபட்ட முறைகள் இருந்தன.

விண்டோஸ் உரிமையாளரை வைத்துப் பிரிக்கிறது. இயங்குதளத்துக்கு ‘விண்டோஸ்’ ஃபோல்டர், செயலிகளுக்குப் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, மனிதர்களுக்கு ‘யூசர்ஸ்’. ஒரு செயலியின் பெரும்பாலான கோப்புகள் அதன் பெயரிலான ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிவிடும்.

லினக்ஸ் கோப்பின் வேலையை வைத்துப் பிரிக்கிறது. இயக்கப்படும் நிரல்கள் ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்ற அடைவில், அதாவது ஃபோல்டரில், இருக்கும். அவை பொதுவாகப் பயன்படுத்தும் நூலகங்கள் ‘/யூஎஸ்ஆர்/லிப்’, எழுத்துருக்களும் மொழிபெயர்ப்புகளும் ‘/யூஎஸ்ஆர்/ஷேர்’, அந்தக் கணினிக்கே உரிய அமைப்புகள் ‘/ஈடிசி’, நாள்தோறும் மாறும் பதிவேடுகள் ‘/வார்’, மனிதர்களின் கோப்புகள் ‘/ஹோம்’. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை டெபியனில் நிறுவினால் அது ஒரே இடத்தில் உட்காராது. நிரல் ஓரிடம், நூலகம் ஓரிடம், அமைப்பு ஓரிடம் என்று பிரிந்து அமரும். கணினியை இயக்கவே தேவைப்படும் கட்டளைகளும் பொழுதுபோக்குக்கு நிறுவிய சதுரங்க விளையாட்டும் ஏறக்குறைய ஒரே அடைவுகளைப் பகிர்ந்துகொள்ளும்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இயங்குதளத்தின் உறுப்புகளையும் மேலே வந்து சேரும் செயலிகளையும் இப்படிக் கலந்து வைப்பது சரியா?

வட்டு நிறைந்ததால் பிறந்த வழக்கம்

லினக்ஸின் இந்த அடுக்குமுறை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலிருந்து வந்தது. அவர்கள் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் கணினியின் வட்டுகளை விவரித்திருக்கிறார்கள். நிலைத்த வட்டு ஒன்று 1 மெகாபைட். கழற்றி மாட்டும் வட்டுகளில் பல, ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அந்த இடம் போதாது.

தொடக்கத்தில் இயங்குதளம் சிறிய வட்டில் இருந்தது. ‘/யூஎஸ்ஆர்’ என்ற பெயரில் ஏற்றப்பட்ட இன்னொரு வட்டில் பயனர்களின் கோப்புகள் இருந்தன. நிரல்கள் பெருகச் சிறிய வட்டு நிறைந்தது. மிஞ்சியவை பயனர்களின் வட்டுக்குள் குடியேறின. இப்படித்தான் ‘/பின்’ இருக்க ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்றொரு இரட்டையும், ‘/லிப்’ இருக்க ‘/யூஎஸ்ஆர்/லிப்’ என்றொரு இரட்டையும் உண்டாயின. கணினி எழுந்து இரண்டாவது வட்டைச் சேர்த்துக்கொள்ளும்வரை தேவைப்படுபவை முதல் வட்டில், மற்றவை இரண்டாவதில் என்று விதி வகுக்கப்பட்டது. பயனர்கள் பின்னர் ‘/ஹோம்’ என்ற வேறு இடத்துக்கு மாறினார்கள். வட்டுகள் பல லட்சம் மடங்கு பெருத்த பிறகும் அந்த இரட்டை அடைவுகள் அப்படியே தொடர்ந்தன.

லினக்ஸ் பிறந்த 1990களில் ஒவ்வொரு தொகுப்பும் கோப்புகளைத் தன் விருப்பப்படி வைத்தது. ஒன்றுக்காக எழுதிய நிரல் இன்னொன்றில் தன் கோப்பைக் காணாமல் தடுமாறியது. 1994 பிப்ரவரி 14 அன்று இதற்கான முதல் பொதுத்தரம் வெளியானது. 1997இல் அது பிற யூனிக்ஸ் வகைகளையும் மனத்தில் வைத்து விரிவாக்கப்பட்டு, சுருக்கமாக எஃப்ஹெச்எஸ் என்று பெயர் பெற்றது. 2004இல் 2.3 பதிப்பும் 2015இல் 3.0 பதிப்பும் வந்தன.

அந்தத் தரத்தின் அடிப்படை இரண்டு கேள்விகள். இந்தக் கோப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளலாமா, அல்லது இது இந்த ஒரு கணினிக்கே உரியதா? நிர்வாகி தலையிடாமல் இது தானாக மாறுமா, மாறாதா? பகிரக்கூடியதும் மாறாததும் ‘/யூஎஸ்ஆர்’. மாறுவது ‘/வார்’. கணினிக்கே உரிய அமைப்பு ‘/ஈடிசி’. இவற்றோடு இரண்டு ஒதுக்கீடுகளும் உண்டு. கணினியின் நிர்வாகி தானே நிறுவுவதற்கு ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’. அதில் இருப்பதை இயங்குதளப் புதுப்பிப்பு அழித்தெழுதக் கூடாது. வெளியிலிருந்து மொத்தமாக வரும் செயலிகளுக்கு ‘/ஆப்ட்’. ஒவ்வொன்றுக்கும் தனி உள்ளடைவு.

கிராமக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்மாயும் ஓடையும் பொது. பட்டா நிலம் தனியாருடையது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல். பட்டாக்காரர் கண்மாய்க்குள் கரை கட்டினால் முதலில் அவருக்கு லாபம், மழைக்காலத்தில் ஊருக்கே நட்டம். செயலி ஒன்று இயங்குதளத்தின் அடைவுக்குள் தன் கோப்பைத் திணிப்பதும் அப்படிப்பட்ட ஆக்கிரமிப்புதான்.

கலந்து வைப்போர் வாதம், பிரித்து வைப்போர் வாதம்

பிரித்து வைப்பதில் கண்டிப்பானது யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அதன் கருவும் (கெர்னல்) அடிப்படைக் கட்டளைகளும் ஒரே திட்டத்தில் ஒன்றாக உருவாக்கப்படுகின்றன; அவை ‘/பின்’, ‘/யூஎஸ்ஆர்/பின்’ முதலிய அடைவுகளில் இருக்கும். வெளியிலிருந்து நிறுவும் உலாவி, தரவுத்தளம் எல்லாம் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவுக்குக் கீழேதான். அவற்றின் அமைப்புக் கோப்புகளும் அங்கேயே. அந்த ஓர் அடைவை நீக்கினால் வெளியார் செயலிகள் போய்விடும், அடிப்படை அமைப்பு நிற்கும்.

லினக்ஸில் இப்படிக் கோடு கிழிப்பது கடினம். கரு ஒரு குழுவினுடையது, அடிப்படைக் கட்டளைகள் குனு திட்டத்தினுடையவை, திரைச்சூழல் வேறொரு குழுவினுடையது. டெபியனோ பாஸோ இவற்றைத் தொகுத்துத் தருகின்றன. இயங்குதளம் எங்கே முடிகிறது, செயலி எங்கே தொடங்குகிறது என்று இங்கே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே டெபியன் எல்லாவற்றையும் சமமான பொதிகளாக (பேக்கேஜ்) நடத்துகிறது. எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்பதை அதன் பொதி மேலாளர் பதிவேட்டில் வைத்திருக்கும். அடைவு காட்டாத எல்லையை அந்தப் பதிவேடு காட்டுகிறது.

கலந்து வைப்பதன் பெரிய பலம் பாதுகாப்பில் தெரியும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. லினக்ஸ் தொகுப்புகளில் அந்த நூலகத்தைப் பயன்படுத்திய பெரும்பாலான நிரல்கள் அதன் ஒரே பொதுப் பிரதியைப் பகிர்ந்துகொண்டிருந்ததால், அதைப் புதுப்பித்து சேவைகளை மறுதொடக்கம் செய்தவுடன் அவை அனைத்தும் காப்பாற்றப்பட்டன. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தில் ஓட்டை வந்தபோது கதை வேறு. ஜாவா செயலிகள் பலவும் அதன் பிரதியைத் தமக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தன. எங்கெங்கே இருக்கிறது என்று உலகம் முழுக்க நிர்வாகிகள் ஒவ்வொரு செயலியாகப் பிரித்துத் தேட வேண்டியிருந்தது.

பிரித்து வைப்பதற்கும் வலுவான நியாயம் இருக்கிறது. விண்டோஸின் 1990களை நினைத்துப் பாருங்கள். ஒரு செயலியை நிறுவினால் அது இயங்குதள அடைவில் இருந்த பொது நூலகத்தைத் தன் பழைய பிரதியால் அழித்தெழுதும். நேற்றுவரை ஓடிய இன்னொரு செயலி இன்று திறக்காது. விண்டோஸ் 2000 முக்கியமான கோப்புகளைக் காவல் காத்து மீட்டது. 2007இல் பரவலாக விற்பனைக்கு வந்த விஸ்டா, பழைய செயலிகள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால் அந்த எழுத்தைப் பயனரின் தனி அடைவுக்குத் திருப்பிவிட்டது. ஆப்பிளின் மேக் 2019இல் இயங்குதளத்தை எழுத முடியாத தனிப் பகுதியாகவே பூட்டிவிட்டது.

லினக்ஸிலும் இதே அனுபவம் வந்தது. பைத்தான் நிரல்மொழி கற்கும் மாணவர்கள் பிப் என்ற கருவியை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினால், அது கொண்டுவரும் புதிய பிரதி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் நம்பியிருக்கும் பிரதிக்குக் குறுக்கே நின்றுவிடலாம். இயங்குதளத்தின் சில பகுதிகளே பைத்தானில் எழுதப்பட்டவை என்பதால் விளைவு சில நேரம் மோசமாக இருந்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல், இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று சொல்லிக் கணினி மறுத்துவிடுகிறது. தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவச் சொல்கிறது. கல்லூரி ஆய்வகங்களில் இந்த மறுப்பைத் தொல்லை என்று நினைத்து வலுக்கட்டாயமாகத் தாண்டுகிறவர்கள் உண்டு. இயங்குதளத்தின் பைத்தானும் மாணவரின் பைத்தானும் வெவ்வேறு கைகளுக்கு உரியவை. அந்த மறுப்பு மாணவரின் வேலையைக் காக்கவே வந்தது.

பழைய இரட்டை ஒன்றான கதை

‘/பின்’, ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்ற இரட்டை இனி எதற்கு என்ற கேள்வியை 2012இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் தொகுப்பு தன்னளவில் முடித்துவைத்தது. எல்லாவற்றையும் ‘/யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் சேர்த்துவிட்டு, பழைய பெயர்களைச் சுட்டும் இணைப்புகளாக மட்டும் வைத்தது. இதனால் இயங்குதளத்தின் நிரல்களும் நூலகங்களும் ஒரே அடைவுக்குள் வந்துவிடுகின்றன. அதை முழுமையாகப் பூட்டலாம், நகலெடுக்கலாம், பழுதானால் மொத்தமாக மாற்றலாம். ‘/யூஎஸ்ஆர்’ தனி வட்டில் இருந்தால் கணினி எழாதே என்று எதிர்ப்பு வந்தது. கரு எழும்போதே நினைவகத்தில் ஏறும் ஒரு சிறு தொடக்க அமைப்பு அந்த வட்டைச் சேர்த்துவிடும் என்பது அதற்கான பதில்.

டெபியனில் இந்த மாற்றம் கடும் சச்சரவோடு நடந்தது. சிக்கல் நுட்பமானது. ‘/லிப்’ அடைவில் உள்ள கோப்பும் ‘/யூஎஸ்ஆர்/லிப்’ அடைவில் உள்ள கோப்பும் இப்போது ஒன்றே. பொதி மேலாளருக்கோ அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒரு கோப்பு பழைய பொதியிலிருந்து புதிய பொதிக்கு இடம் மாறும்போது, பழையதை நீக்குகிறேன் என்று அது புதிதாக வந்ததையே அழித்துவிடக்கூடும். பதிவேட்டில் உள்ள எல்லையும் தரையில் உள்ள எல்லையும் ஒத்துப்போகாவிட்டால் நேரும் விபத்து இது. 2019இல் வந்த பதிப்பில் புதிதாக நிறுவும் கணினிகளுக்கு மட்டும் இந்த ஒன்றிணைப்பு வந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் எல்லாக் கணினிகளுக்கும் கட்டாயமானது. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் போன்ற தொகுப்புகளுக்கும் இத்தகைய முடிவுகள் தாமாகவே வந்து சேரும்.

கைப்பேசியில் தெரியும் எல்லை

கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிற இடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி. அதில் இயங்குதளம் ‘/சிஸ்டம்’ பகுதியில், எழுத முடியாதபடி இருக்கும். நாம் நிறுவும் செயலிகளும் நம் தரவுகளும் ‘/டேட்டா’ பகுதியில். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் ‘/டேட்டா’ துடைக்கப்படும், இயங்குதளம் அப்படியே இருக்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, கைப்பேசித் தயாரிப்பாளரின் வன்பொருள் சார்ந்த கோப்புகளையும் ‘/வெண்டர்’ என்று தெளிவாகப் பிரித்தது. கூகுள் வெளியிடும் புதுப்பிப்பு எளிதாக வந்து சேர அது வழி செய்தது.

வாங்கும்போதே கைப்பேசியில் இருக்கும் சில செயலிகளை நீக்க முடிவதில்லை. அவற்றின் புதுப்பிப்புகளை மட்டும் நீக்க முடிகிறது. ஏனென்றால் மூலப் பிரதி பூட்டிய ‘/சிஸ்டம்’ போன்ற பகுதியில் இருக்கிறது. புதுப்பித்த பிரதி மட்டும் ‘/டேட்டா’ பகுதியில். தொலைபேசி அழைப்புக்கான செயலி அங்கே இருப்பது நியாயம். வணிக ஒப்பந்தத்துக்காக ஏற்றிய ஒரு விளையாட்டோ கடைச் செயலியோ அங்கே இருப்பது பயனரின் உரிமையில் கை வைப்பது. இயங்குதளத்தின் இடம் இயங்குதளத்துக்கு மட்டும்தான் என்பதைத் தயாரிப்பாளர்களும் மதிக்க வேண்டும்.

தமிழுக்கு இதில் என்ன இருக்கிறது

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி அச்சகங்களுக்கு எழுத்துருதான் மூலதனம். யூனிகோடுக்கு முந்தைய பல குறியாக்கங்களில் அமைந்த தமிழ் எழுத்துருக்கள் வடிவமைப்பாளர்களின் கணினிகளில் குவிந்திருக்கும். விண்டோஸில் அவை நெடுங்காலம் போய்ச் சேர்ந்த இடம் இயங்குதளத்தின் சொந்த எழுத்துரு ஃபோல்டர். கணினியை ஃபார்மட் செய்தால் அவையும் போகும். பழைய காலண்டர் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வரும். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் பயனர் தன் அடைவுக்குள்ளேயே எழுத்துருவை நிறுவும் வசதி வந்தது.

லினக்ஸில் இதற்கு மூன்று படிகள் உண்டு. இயங்குதளம் தரும் லோஹித் தமிழ் போன்ற எழுத்துருக்கள் ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபாண்ட்ஸ்’ அடைவில். நிர்வாகி எல்லாருக்குமாகச் சேர்ப்பவை ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபாண்ட்ஸ்’ அடைவில். ஒருவர் தனக்காகச் சேர்ப்பவை அவருடைய ‘/ஹோம்’ அடைவுக்குள். இதே ஒழுங்கு விசைப்பலகைக்கும் உண்டு. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையின் வரையறைக் கோப்பு, எம்17என் தொகுப்பின் வழியாக ‘/யூஎஸ்ஆர்/ஷேர்’ அடைவுக்குள் இருக்கிறது. அதில் ஒரு விசையை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் மூலக் கோப்பைத் தொடக் கூடாது. அடுத்த புதுப்பிப்பில் அந்த மாற்றம் காணாமல் போகும். தன் வீட்டு அடைவில் மாற்றிய பிரதியை வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று படிகள்தாம் மொத்த வாதத்துக்கும் நல்ல விடை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடைவின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். கோப்புகள் கலந்தோ பிரிந்தோ கிடக்கட்டும். தொகுப்பாளர் தருவது ஒரு படி, நிர்வாகி மாற்றுவது ஒரு படி, பயனருக்கு உரியது ஒரு படி. மேல்படியில் இருப்பவர் கீழ்ப்படியின் கோப்பைத் திருத்தாமல், தன் படியில் ஒன்றை வைத்து அதை மீற முடிய வேண்டும். எந்தப் புதுப்பிப்பும் தன் படியைத் தாண்டி எழுதக் கூடாது. இதைக் காக்கும் தரம் நல்ல தரம். காக்காதது எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் கெட்ட தரம். ஒரே நூலகத்தைப் பகிர்வது பாதுகாப்புக்கு நல்லது என்பதால் அடிப்படை நிரல்களுக்கு டெபியன் வழி சரி. வேகமாக மாறும் வணிகச் செயலிகளுக்கு ‘/ஆப்ட்’ போன்ற தனியிடம் சரி.

தமிழ் எழுத்துருவோ விசைப்பலகையோ செயலியோ செய்து வழங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவி இயங்குதளத்தின் அடைவுக்குள் நேரடியாக எழுத வேண்டாம். முறையான பொதியாக்குங்கள், அல்லது பயனரின் அடைவில் நிறுவுங்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் கணினிப் பாடத்தின் முதல் மாதத்திலேயே அடைவு மரத்தைத் திறந்து காட்டலாம். புதிதாக லினக்ஸ் நிறுவுகிறவர்கள் ‘/ஹோம்’ அடைவுக்கெனத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி, மறுபடி நிறுவும்போது அதை ஃபார்மட் செய்யாமல் விட்டால், இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றினாலும் சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரின் இடத்தை இன்றே டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். அந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் லொக்கேஷன் என்ற பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. வட்டே பழுதானால் எந்தப் பார்ட்டிஷனும் காப்பாற்றாது. முக்கியமானவற்றுக்கு வெளியே ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும்.